பைண்டர் என்னும் சொல்லும் கட்டின் பயனும்



ஆங்கிலத்திலிருந்து தமிழில் புகுந்து நிலைத்த சொற்களுள் 'பைண்டர்' என்பதும் ஒன்று. கட்டுபவர் அல்லது கட்டும் பொருள் என்பதே அதன் கருத்து. ஆயினும் அச்சொல் இடத்துக்கேற்பப் பொருள் வேறுபடும்.

பட்டணத்தில் பைண்டர் எனில் புத்தகங் கட்டும் தொழிலாளி. அவர் தாள்களை மடித்து, நூலால் தைத்து, பசையிட்டு, அட்டை போர்த்துவார். பூச்சி அரியாதிருக்கப் பசையில் துத்தம் சேர்ப்பதுண்டு.

மேல்நாட்டுக் கோதுமை வயல்களில், கதிரறுத்துத் தானே கட்டிப்போடும் இயந்திரத்துக்கும் அப்பெயர் வழங்கிற்று. முதலில் அது கம்பியால் கட்டியது. கம்பித் துண்டுகள் தீவனத்தில் கலந்து மாடுகளுக்குத் தீங்கு செய்தமையால், 1870-களுக்குப் பின் கயிற்றால் முடிச்சிடும் இயந்திரங்கள் பரவின. நம் வயல்களில் அவ்வேலையை வைக்கோற்புரி செய்து வந்தது.

கொத்து வேலையில் சுண்ணாம்பும் சிமெண்டும் பைண்டராம். மணல் மூன்று பங்காயினும், அதைப் பற்றி நிறுத்துவது ஒரு பங்கு சுண்ணாம்பே. பழைய கட்டடங்களில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தரைத்தனர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். சிமெண்டோ நீரோடு கூடி இறுகும்.

இவற்றிலெல்லாம் கட்டுவது சிறிது; கட்டுண்பது பெரிது. சிறியது கெட்டால் பெரியது சிதறும்.

சங்கத்துக்கும் இஃதொக்கும். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட கிராமச் சங்கங்களில் பெரும்பாலும் அங்கத்தினர் பொறுப்பு வரம்பற்றதாயிருந்தது. ஒருவர் கடனைச் செலுத்தாதொழியின், அச்சுமை அண்டை வீட்டாரின் நிலத்தையும் தொடக்கூடும். நிலமோ பணமோ அல்ல, ஒருவர்க்கொருவர் கொடுத்த வாக்கே அவர்களைப் பிணித்த பைண்டர்.

அவ்வாக்குக்குச் சாட்சி கணக்கேடு. தனித் தாளை எவரும் உருவி எடுக்கலாம். அதன் சுவடு தோன்றாது. பக்க எண்ணிட்டுத் தைத்த பேரேட்டில் ஓர் ஏட்டைக் கிழித்தால் எண் குறையும். மடிப்பின் மறுபுறத்திலுள்ள இணையேடும் நெகிழ்ந்து காட்டிக்கொடுக்கும். பேரேட்டைத் தைத்துக் கட்டுவது அழகுக்கன்று, ஏழையின் பணத்துக்குக் காவலாகவேயாம்.

ஆயினும் எழுதாத தொகையை எந்தக் கட்டும் காவாது. ஆகையால், பணம் செலுத்தும் அங்கத்தினர் அப்போதே ரசீது பெறுக. தம் பாஸ் புத்தகத்தைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்க. எழுத்தறியாதவர் தம் மக்களில் படித்தவரை உடனழைத்து வருக. கணக்கைக் காட்டுமாறு கேட்பது காரியதரிசியை ஐயுறுதலாகாது. நேர்மையுள்ள காரியதரிசிக்கு அதுவே பாதுகாப்பு. கணினியில் கணக்கெழுதும் சங்கங்களிலும் இம்முறை மாறுவதற்கில்லை.

தவணை தவறாமையும் கணக்கு மறையாமையும் கூடிய இடத்தில் சங்கம் கட்டுக் குலையாது நிற்கும்.