மண்ணில் தங்கும் காரீயம்



உலையின் புகை நின்றுவிட்டால் அதனால் விளையும் தீங்கும் நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உலோகம் உருக்கும் தொழிலிலே அவ்வெண்ணம் பொருந்தாது. புகை காற்றிலே கலைந்து போகும். அதனோடு சென்ற உலோகத் துகள் அயலிலுள்ள மண்ணில் படிந்து அங்கேயே தங்கும். இலையும் சருகும் மட்கி எருவாகும். காரீயம் மட்குவதில்லை.

ஸாம்பியா நாட்டின் கப்வே நகரில் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் காரீயமும் துத்தநாகமும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்கிருந்த சுரங்கம் 1994ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பின்னர் பிறந்த குழந்தைகளின் இரத்தத்திலும் மிகுதியான காரீயம் காணப்பட்டுள்ளது.

நமது கொழும்பிலே அத்தகைய பெருஞ் சுரங்கம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், பழைய மோட்டார் பற்றறியை உடைத்து உருக்குவதற்கு ஒரு வீட்டு வளவே போதும். செனகல் நாட்டின் தலைநகரான டக்காரை அடுத்த தியாறோய் என்னுமிடத்தில் அதுவே நிகழ்ந்தது. பற்றறிகளை உடைத்த நிலத்து மண்ணிற் கலந்திருந்த காரீயத்துக்கு வியாபாரிகள் விலை கொடுத்தனர். வறிய மக்கள் அம்மண்ணை அகழ்ந்து, வீடுகளுக்குக் கொண்டு சென்று சலித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையுள்ள சில மாதங்களில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர்.

குழந்தைகள் ஏன் முதலில் பலியாகின்றனர்? தவழும் பிள்ளை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதன் உடலிலே சேர்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக ஏற்கும். அது மூளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

இலங்கையில் காரீயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அது நற்செயல். எனினும், வளவுகளிலே எரியும் உலைகளை அச்சட்டம் அணைத்துவிடாது.

ஆகவே, பழைய பற்றறியை உடைத்து உருக்குவோரிடம் விற்காதீர்கள். உத்தரவுப் பத்திரம் பெற்றுச் சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். அத்தொழில் புரிவோர் குளித்து, உடைமாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குதல் வேண்டும். உலையிருந்த நிலத்திலே கீரை பயிரிடலாகாது. வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி எழும்.

இன்னுமொன்று. வயிற்றுவலியும் சோர்வும் பல நோய்களுக்குப் பொதுவான குறிகள். பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டு செல்லும் தாய், அயலிலே பற்றறி உருக்கப்படுவதையும் வைத்தியரிடம் சொல்லல் வேண்டும். பிள்ளையைப் பார்த்த அளவில் காரீயம் புலப்படாது; இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டும். அப்பரிசோதனையை வைத்தியர் நினைப்பதற்குத் தாயின் அந்த ஒரு வார்த்தை வழிகாட்டும்.