உடம்பே ஒரு ஒயர்

இப்போ போன் கையில இருந்தா ஒண்ணு செஞ்சு பாருங்க. வளர்ந்த நகத்தோட நுனியால ஸ்கிரீனைத் தொடுங்க. அனேகமா ஒண்ணும் நடக்காது. விரல் பட்டா உடனே வேலை செய்யும். காரணம் அழுத்தம் இல்ல, மின்சாரம். ஸ்கிரீன்ல எப்பவும் ஒரு சின்ன மின்புலம் இருக்கு. நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி, அதுல உப்பும் இருக்கு. அதனால அது மின்சாரத்தைக் கடத்தும். விரல் வந்ததும் மின்புலம் மாறுது, போன் அதைக் கண்டுபிடிக்குது. அதாவது, நாம ஏற்கனவே ஒரு சர்க்யூட்டோட பாகம்தான்.

அப்போ உடம்பு வழியாவே டேட்டா அனுப்பலாமா? எம்ஐடி மீடியா லேப்ல தாமஸ் சிம்மர்மன் இதைத்தான் செஞ்சார். 1996-ல் ஐபிஎம் அதை மேடையிலேயே காட்டியது. ரெண்டு பேர் கை குலுக்கினா போதும், ஒருத்தரோட விசிட்டிங் கார்டு விவரம் இன்னொருத்தர்கிட்ட போயிடும். உடம்புல ஓடிய கரண்ட், ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். தொட்டவங்களுக்குத் தெரியவே தெரியாது. 2012-ல் வந்த ஐஇஇஇ 802.15.6 தரத்தில் இந்த முறைக்குத் தனி இடமே இருக்கு.

ப்ளூடூத் இருக்கும்போது இது எதுக்குன்னு கேட்பீங்க. ப்ளூடூத் ரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசும். பூட்டுப் போட்ட பேச்சுதான், ஆனா பூட்டு பலவீனமா இருந்தா? 2019-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, சில இன்சுலின் பம்ப்களை பக்கத்துல இருக்கிற வேற ஒருத்தர் வயர்லெஸ் மூலமா மாத்திவிட முடியும்னு எச்சரித்தது. அதே வருஷம் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறைந்த அலைவரிசையில் உடம்பு வழியா போற சிக்னலை ஒரு சாண் தள்ளி நின்னாலே பிடிக்கிறது கஷ்டம்னு காட்டினாங்க. எங்க அம்மா கையில சுகர் சென்சார் இருக்கு. அந்த நம்பர் அவங்க தோலைத் தாண்டாம இருந்தா எனக்கு நிம்மதி.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இந்த டெக்னாலஜியில தொடுறதுதான் கனெக்‌ஷன். கை குலுக்குறது நாம விரும்பிச் செய்றது. காலை ஒன்பது மணிக்கு தாம்பரம் லோக்கல் டிரெயின்ல தோள் உரசுறது அப்படியா? அங்க யாரைத் தொடணும்னு நாம முடிவு பண்றதில்ல. முக்கியமா பொண்ணுங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. ‘தொட்டதால சம்மதம்’னு ஒரு மெஷின் முடிவு பண்ணா, மனுஷங்ககிட்ட நாம தப்புன்னு சொல்றதையே கோடுல எழுதி வைக்கிறோம்னு அர்த்தம்.

அதனால இதை டிசைன் பண்றவங்களுக்கு, என்னையும் சேர்த்து, நான் சொல்றது ஒண்ணுதான்: தொடுதல் பாதையா மட்டும் இருக்கட்டும். அனுமதியைத் தனியா கேளுங்க. பதில் வரலைன்னா அதை ‘வேண்டாம்’னு எடுத்துக்கோங்க.

நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.