சொகுசு வண்டியும் உயிர்க்காப்பும்

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தாரின் பெரிய மோட்டார் வண்டியைக் காண்போர் அதன் மினுமினுப்பையும் மெத்தென்ற ஆசனங்களையும் விலையையும் பற்றியே பேசுவர். ஆயினும், ஜேர்மனியின் சின்டெல்பிங்கன் நகரிலே தலைமுறை தலைமுறையாக உருவாகிவரும் அவ்வண்டியின் வரலாறு ஆடம்பரத்தின் வரலாறு மட்டுமன்று. விபத்திலே உயிரைக் காக்கும் வழியை மனிதன் படிப்படியாகக் கற்ற வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது.

வண்டியின் உடல் எவ்வளவு கடினமோ அவ்வளவு பாதுகாப்பு என்றே முன்னாளிற் பலர் எண்ணினர். அந்நிறுவனத்துப் பொறியியலாளராகிய பேலா பாரெனி என்பார் இக்கருத்தை மறுத்தார். மோதலின் வேகத்தை வண்டி வாங்கிக்கொள்ளாவிடின், அது உள்ளிருப்போர் உடலையே தாக்கும் என்பது அவர் கண்ட உண்மை. மரத்திலிருந்து விழும் தேங்காயை நோக்குக. மட்டை அடியைத் தாங்கிக்கொள்கிறது. உள்ளே சிரட்டை உடையாது நிற்கிறது. அவ்வாறே வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுக்க வேண்டும். நடுவிலுள்ள அறை உறுதியாய் நிற்க வேண்டும். 1951 இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இவ்வமைப்பு, 1959 இல் வெளிவந்த 220 வரிசை வண்டிகளில் இடம்பெற்றது. அவற்றின் பின்புறத்துச் சிறகு விளிம்புகள் அக்கால நாகரிகம். அவை விரைவில் மறைந்தன. உள்ளே மறைந்திருந்த கருத்தோ நிலைத்துவிட்டது.

1972 இல் வந்த தலைமுறைக்கே 'எஸ் வகுப்பு' என்னும் பெயர் முறையாகச் சூட்டப்பட்டது. சிறப்பு வகுப்பு என்பது அதன் பொருள். சாரதி பதற்றத்துடன் பிறேக்கை அழுத்துங்கால் சில்லுகள் சுழலாது இறுகி வழுக்கும். அப்பொழுது வண்டி திருப்பிய பக்கம் திரும்பாது. சில்லை நொடிக்குப் பன்முறை விட்டுவிட்டுப் பிடிக்கும் இலத்திரனியற் கருவியொன்று, பொஷ் நிறுவனத்தாரின் கூட்டுறவுடன், 1978 இல் இவ்வண்டிக்கு வந்தது. 1979 இன் தலைமுறை, எரிபொருள் நெருக்கடியை உணர்ந்து, எடை குறைந்ததாயும் காற்றைக் கிழித்துச் செல்வதாயும் அமைந்தது. 1981 இல் சாரதிக்குக் காற்றுப் பையும் வழங்கப்பட்டது.

வளர்ச்சி எப்பொழுதும் நேர்வழியிற் சென்றதென்று கூறவியலாது. 1991 இன் தலைமுறை இரட்டைக் கண்ணாடிகளும் மிகுந்த எடையும் கொண்டு பெருத்தது. அப்பருமனை ஜேர்மனியரே குறைகூறினர். 1998 இல் அடுத்த தலைமுறை மெலிந்து வந்தது. ஆயினும், பெருத்த அத்தலைமுறையைச் சார்ந்த இரு கதவு வண்டியிலேதான், வளைவிலே வண்டி வழுக்கிச் சுழலாது தடுக்கும் கருவி 1995 இல் முதன்முதல் அமைந்தது.

இங்கே சிந்திக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. பிறேக் கருவியும் காற்றுப் பையும் தொடக்கத்தில் மேலதிகப் பணம் கொடுத்தோர்க்கே கிடைத்தன. அப்பிறேக் கருவியைப் புதிய கார்கள் அனைத்திலும் பொருத்துவதென்ற ஐரோப்பிய உற்பத்தியாளரின் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது 2004 இலேயாம். இடையிற் கழிந்தவை 26 ஆண்டுகள். வழுக்கலைத் தடுக்கும் கருவி ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2014 இல். அதற்கு 19 ஆண்டுகள் சென்றன.

செல்வர் கொடுத்த பணத்தால் புதுமை பிறந்து சோதனையில் தேறியது என்பது உண்மை. அது எளியோரின் சிறு வண்டியை அடையும்வரை, காக்கப்பட்டிருக்கக் கூடிய உயிர்கள் வீதியிலே மாய்ந்தன என்பதும் உண்மையே. 2020 இல் வந்த தலைமுறை பின்னாசனத்தில் அமர்வோர்க்கும் முன்புறக் காற்றுப் பையைக் கொண்டுவந்தது. ஒரு தலைமுறையின் பெருமையை அதன் பளபளப்பைக்கொண்டு அளத்தல் தகாது. அது கண்ட காப்பு எத்தனை விரைவில் எல்லார்க்கும் உரியதாகிறது என்பதே தக்க அளவுகோலாம்.