ரத்தத்துக்குப் பதில் தக்காளி சாஸ்

டிரான்சில்வேனியா மலைமேல் ஒரு பழைய கோட்டை. அதற்குள் ஒரு ரத்தக்காட்டேரி. ஆனால் அந்தக் காட்டேரி ஒரு வாத்து; பெயர் கவுண்ட் டக்குலா, அதாவது டக்குலா பிரபு. ரத்தத்தின் பக்கமே போகாத சைவம். ப்ராக்கலி வைத்த சாண்ட்விச் என்றால் உயிர். இந்த வாத்தை நாயகனாக்கி இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் காஸ்குரோவ் ஹால் நிறுவனம் எடுத்த கார்ட்டூன் தொடர், 1988 செப்டம்பர் 6 அன்று ஐடிவியில் தொடங்கியது. 1993 பிப்ரவரி வரை 65 அத்தியாயங்கள் வந்தன.

டக்குலா பிறந்தது வில்லனாக. அதே நிறுவனம் 1981 முதல் எடுத்துவந்த 'டேஞ்சர் மவுஸ்' என்ற உளவாளி எலியின் கதையில் அவ்வப்போது தலைகாட்டிய பாத்திரம் அது. தொலைக்காட்சியில் தனக்கென்று ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்பதுதான் அந்த வில்லனின் தீராத ஆசை. பேச்சு திக்கும். தனித் தொடர் வாய்த்தபோது திக்கலும் போயிற்று, வில்லத்தனமும் போயிற்று. எலிக்கும் வாத்துக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, பிரிட்டனின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் டேவிட் ஜேசன்.

வில்லத்தனம் போன கதையில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. டக்குலா வம்சத்துக்கு முழுச் சாவு கிடையாது. நூற்றாண்டுக்கு ஒருமுறை, கிரகநிலை கூடிவரும் வேளையில், சடங்கு செய்து பிரபுவை உயிர்ப்பிக்கலாம். அதற்கு ரத்தம் வேண்டும். இந்த முறை ஆயா நானி கைதவறி எடுத்துக் கொடுத்தது தக்காளி சாஸ். எழுந்து வந்தது சைவக் காட்டேரி.

இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு பழைய திகில் படம் நிற்கிறது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897இல் வெளிவந்தது. அந்தப் பிரபுவை வைத்து ஹாமர் நிறுவனம் எடுத்த படங்களில் ஒன்றில், 1966இல், எசமானின் சாம்பல்மேல் ரத்தத்தைக் கொட்டி அவரை எழுப்புகிறான் வேலைக்காரன். பெரியவர்கள் நடுங்கிப் பார்த்த அதே சடங்கு இங்கே சமையலறைத் தவறால் கெட்டுப்போகிறது. மூலத்தை அறியாத குழந்தைக்கும் சிரிப்பு வருகிறது. அறிந்த பெற்றோருக்கு இரட்டிப்பாக வருகிறது.

சுற்றி இருப்பவர்களில் ஒருவருக்கும் டக்குலா உள்ளபடி தெரிவதில்லை. இதுவே தொடரின் நுட்பமான இடம். பணியாள் இகோர் ஒரு கிழக் கழுகு. கடந்த தலைமுறைப் பிரபுக்களின் கொடூரத்தை நினைத்து ஏங்கும் இகோர், இந்தப் பிள்ளையையும் எப்படியாவது கெட்டவனாக்கிவிடப் பாடுபடுகிறது. காட்டேரி வேட்டைக்காரர் வான் கூஸ்விங், ஸ்டோக்கரின் வான் ஹெல்சிங்கை நினைவூட்டும் இன்னொரு நீர்ப்பறவை. டக்குலா சாது என்று எத்தனை முறை தெரிந்தாலும் நம்ப மறுக்கும். ஆயா நானிக்கோ பிரபு இன்னும் கைக்குழந்தை. கையில் தூளிக்கட்டோடு திரியும் இந்த மாபெரும் கோழி, கதவைத் திறப்பதே இல்லை. சுவரோடு பெயர்த்துக்கொண்டு உள்ளே வரும். நானிக்குக் குரல் தந்த பிரையன் ட்ரூமன் தொடரின் கதாசிரியர்களில் ஒருவர். இகோருக்குப் பேசிய ஜாக் மே, பிபிசி வானொலியின் நெடுந்தொடரான 'தி ஆர்ச்சர்ஸ்' கேட்டவர்களுக்குப் பழகிய குரல். அந்தத் தாழ்ந்த, சலித்த குரல் இல்லாமல் இகோரை நினைக்கவே முடியாது.

முதல் அத்தியாயம் எகிப்தில் நடக்கிறது. லண்டனில் ஆண்டுக்கணக்கில் ஓடிய ஒரு நகைச்சுவை நாடகத்தின் பெயரைச் சற்றே திருகி அதற்குத் தலைப்பு வைத்தார்கள். தேடிப் போவது புதையலை அல்ல, மாய சாக்ஸபோன் ஒன்றை. பிரமிடு நாட்டில் சாக்ஸபோனா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. அந்த அசட்டுத் துணிச்சல்தான் அழகு. அங்கே எதிர்ப்படும் இரண்டு பூசாரிகளின் பெயர் ஹூமைட், யூபி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'தாங்கள் யாரோ' என்று கேட்பதுபோல் ஒலிக்கும். பெயர் கேட்டவருக்குக் கேள்வியே பதிலாகக் கிடைக்க, பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. காதால் மட்டுமே ரசிக்கக்கூடிய வேடிக்கை இது. படம் இல்லாத வானொலியிலும் பிழைத்திருக்கும்.

டிரான்சில்வேனியாவிலிருந்து எகிப்துக்குப் போவதற்கு விமானமோ கப்பலோ தேவைப்படவில்லை. கோட்டையே மாயமாய் மறைந்து நினைத்த நாட்டில் தோன்றும். ஒரே ஒரு கட்டுப்பாடு: டிரான்சில்வேனியாவில் விடிந்ததும், யார் ஏறினார்கள் யார் ஏறவில்லை என்று பாராமல், அது வீடு திரும்பிவிடும். பழைய கதைகளில் விடியல் காட்டேரிக்குச் சாவு. இந்தத் தொடரில் அது கடைசி வண்டி. அதனால்தான் பாலைவனமோ பனிநிலமோ, பல அத்தியாயங்கள் கோட்டை வாசலை நோக்கிய ஓட்டமாக முடிகின்றன. இடையில் சுவர்க்கடிகாரத்திலிருந்து டிமித்ரி, ஸ்வியாடோஸ்லாவ் என்ற இரண்டு பொம்மை வௌவால்கள் எட்டிப்பார்த்து, மொக்கை நகைச்சுவை ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே போகும். மணி எத்தனை என்று மட்டும் ஒழுங்காகச் சொல்வதில்லை.