மொத்தம் சரியானால் போதுமா?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வேச் சரக்கு எழுத்தராகிய யாம் பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் கற்றிலோம். புரோட்டான்களைப் பற்றிப் பேச எமக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். கணக்குச் சரிபார்ப்பதே எம் தொழில். இன்று கூற வந்ததும் ஒரு கணக்கே.

முன்னொரு நாள், இரு பெட்டிகளில் வந்த மூட்டைகளின் மொத்தம் சரியாயிருக்கக் கண்டு கையொப்பமிட்டோம். பெட்டிக்குப் பெட்டி பார்த்திலோம். மூட்டைகள் மாறிப்போய், ஒரு சிறு வணிகர் மூன்று நாள் அலைந்தார். அந்த வெட்கம் இன்றும் எம்மை விட்டகலவில்லை.

ஜெனீவா நகரையொட்டி, செர்ன் ஆய்வகத்தின் நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றுள்ள வளையம் உண்டு. அதில் புரோட்டான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் எதிரெதிரே மோதுகின்றன. புரோட்டானும் ஒரு மூட்டையே. அதனுள் இருக்கும் குவார்க், குளூவான் ஆகியவற்றையே பார்ட்டான்கள் என்பர். வன்மோதல் நிகழ்ந்தால், பெரும்பாலும் ஓரிணைப் பார்ட்டான்களே மோதுகின்றன. சிற்சில வேளைகளில் ஈரிணைகள் ஒருங்கே மோதுகின்றன. இரண்டிலும் நான்கு துகள்தாரைகள் பாயக்கூடும். வேற்றுமையை எவ்வாறு அறிவது?

மோதும் திசைக்குக் குறுக்கே உந்தத்தின் பற்றும் வரவும் நேராதல் இயற்கை விதி. ஒரே மோதலாயின், நான்கு தாரைகளும் சேர்ந்தே கணக்கு நேராகும். இரு மோதல்களாயின், ஒவ்வோர் இணையும் எதிரெதிரே பாய்ந்து தனித்தனியே நேராகும். ஓரிணையின் திசைக்கும் மற்றதன் திசைக்கும் தொடர்பிராது. மொத்தம் இரண்டிலும் சரியே! இணைக்கு இணை பார்ப்பவனே உண்மை காண்பான். ஒரு நிகழ்ச்சி தற்செயலாய் ஏமாற்றலாமாதலின், பல நிகழ்ச்சிகளைத் தொகுத்தே விகிதம் காண்கின்றனர்.

1987-ஆம் ஆண்டில் செர்னின் பழைய வளையத்திலும், 1997-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலும் இவ்வளவீடுகள் வெளிவந்தன. 2016-இல் அட்லஸ் குழுவினர் தாம் தேர்ந்த நான்கு தாரை நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 இரட்டை மோதல்கள் என்றனர். அதிலிருந்து கணித்த 'பயனுறு பரப்பு' ஏறத்தாழ 15 மில்லிபார்ன். புரோட்டான்கள் சிதைந்து மோதும் பரப்போ ஏறத்தாழ 70. பயனுறு பரப்பு குறையக் குறைய, இரண்டாம் மோதலின் வாய்ப்பு மிகும். எனவே ஒரு வன்மோதல் நிகழ்ந்த இடத்தில் மற்றொன்று நிகழும் வாய்ப்பு, பொதுவாக எதிர்பார்ப்பதைவிட நான்கு மடங்குக்கு மேல். காரணம் என்ன? ஓரம் உரசுவனவற்றைவிட நடுவொடு நடு மோதும் புரோட்டான்களிலேயே பார்ட்டான்கள் நெருங்கிச் சந்திக்கின்றன.

இக்கணக்கு பிழைத்தால், இரு பழைய மோதல்களைக் கண்டு புதிய துகளைக் கண்டோம் என்று உலகுக்கு அறிவித்துவிடுவோம். மூட்டை மாறினால் ஒரு வணிகர் அலைவார். இது மாறினால் அறிவுலகமே அலையும்.

இளைஞர்களே! 2017 முதல் நம் நாடு செர்னின் இணை உறுப்பினர். அங்கே கணக்குப் பார்க்க உங்களுக்கும் இடமுண்டு. செல்வீராயின், மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையொப்பமிடாதீர்கள் என்று வேண்டி அமைகிறோம்.