பழைய அலமாரிக்குச் சாக் பெயின்ட்

மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிற பழைய அலமாரியைக் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று இருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சாக் பெயின்ட் என்று ஒன்று இருக்கிறது. 1990-இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற அம்மையார் கொண்டுவந்தது. பளபளப்பே இல்லாமல், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கும். நாமே கலந்துகொள்ளலாம்.

சுவருக்கு அடித்து மிச்சமிருக்கும் எமல்ஷன் போதும், எனாமல் சரிப்படாது. மூன்று தம்ளர் பெயின்ட்டுக்கு ஒரு தம்ளர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மாவை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு பெயின்ட்டில் ஊற்றுங்கள். நேரே கொட்டினால் திப்பி திப்பியாக நிற்கும். சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், அடிக்கிற அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும்.

மரத்தில் எண்ணெய்ப்பிசுக்கு போகச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஏற்கெனவே பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம், தேய்க்கும்போது பறக்கும் அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

தேக்கு, ஈட்டி என்றால் தயவுசெய்து பெயின்ட் பக்கமே போகாதீர்கள், பாலிஷ் போதும்.

இரண்டு கோட் காய்ந்ததும் மெழுகு தேய்க்கலாம். சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் மெழுகு வேண்டாம், சூடான காபி தம்ளர் வைத்தால் வட்டம் விழும். அதற்குத் தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் அடியுங்கள்.