உதவித்தொகையும் வருமான வரம்பும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழாவில் வாழ்த்துரை கூறி அமர்வதினும், நம் பிள்ளைகளின் படிப்பைத் தாங்கி நிற்கும் ஒரு திட்டத்தைப் பற்றிச் சிந்திப்பதே பயனுடையது எனக் கருதுகிறோம்.

பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பிற்கான கல்வி உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக விளங்கிய காலத்தில், 1944ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நம் குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் பலருக்கு அதுவே ஊன்றுகோலாயிற்று.

அதனைப் பெறுவதற்கான விதிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2010இல் 2 லட்சம் ரூபாயாகவும், 2013இல் இரண்டரை லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. 2018ஆம் ஆண்டு விதிகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோரை விலக்கின. 2021இல் வந்த விதிகள், மைய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக அனுப்ப வழி செய்தன. ஆனால், வருமான வரம்பை மட்டும் இரண்டரை லட்சத்திலேயே நிறுத்திவிட்டன.

இதன் பொருள் யாது? தியாகராய நகர்த் துணிக்கடையில் சுமை தூக்கும் தந்தைக்கு மாதம் 12,000 ரூபாய். மயிலையில் வீட்டு வேலை செய்யும் தாய்க்கு 9,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டிற்கு 2,52,000 ரூபாய். வரம்பிற்கு மேல் 2,000 ரூபாய்! அதனால் மகள் தகுதியிழக்கிறாள். அந்த 2,000 ரூபாயைக் கொண்டு எந்தக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவது? கூலியும் விலைவாசியும் ஏற, வரம்பு மட்டும் அசையாது நின்றால், புதிய ஆணை ஏதுமின்றியே ஏழைகள் வெளியே தள்ளப்படுகின்றனர்.

பொதுப்பிரிவினருள் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கென 2019இல் மைய அரசு வகுத்த இடஒதுக்கீட்டிற்கு வருமான வரம்பு 8 லட்சம். ஒரே நாட்டில் வறுமையை அளக்க இரண்டு அளவுகோல்களா எனக் கேட்பது நம் உரிமை.

இளைஞர்களே, கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. நிர்வாக ஒதுக்கீட்டை நாடாமல், அரசுக் கலந்தாய்வின் வழியே சேருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கல்லூரி திறக்கும் முன்பே ஆயத்தம் செய்யுங்கள். அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் ஆவணங்களில் உள்ள முகவரிகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தறியாத அண்டை வீட்டாரின் விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுங்கள்.

விலைவாசிக்கேற்ப வருமான வரம்பும் உயர வேண்டும் என்னும் கோரிக்கையை இம்மன்றம் ஒரே குரலில் எழுப்பட்டும். தகுதியுள்ள ஒரு பிள்ளையேனும் ஒரு தாள் குறைந்ததால் படிப்பை இழந்தான் என்ற சொல் நம் தெருக்களில் எழாதிருக்கட்டும்.